வீட்டு வைஃபையால் வந்த வினை: வேறொருவர் என்று கருதி என் கணக்கை முடக்கிய கதை

ஹோம் ஸ்டே நடத்துபவர்களும், கடையிலோ வீட்டிலோ வைஃபையைப் பிறருக்குத் திறந்துவிட்டிருப்பவர்களும், தங்கள் பல ஆண்டுக் குறிப்புகளை ஏதேனும் ஓர் இணையக் குழுமத்தில் மட்டுமே சேர்த்து வைத்திருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். நான் ஆறு ஆண்டுகளாக உறுப்பினராக இருந்த தாவர ஆர்வலர் குழுமம் ஒன்று, என்னை வேறொருவராகக் கருதி என் கணக்கை முடக்கிவிட்டது. குழுமத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்செல்லாம் அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும்.

கொடைக்கானலில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின், வில்பட்டி செல்லும் வழியில் உள்ள எங்கள் வீட்டின் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு வருகிறோம். 2018இல் நீலக்குறிஞ்சி பூத்தபோது, கால் வலியைப் பொருட்படுத்தாமல் மேல்மலைச் சரிவுகளில் அலைந்து, எந்தச் சரிவில் எந்த வாரம் பூ விரிந்தது, எங்கே அடர்த்தியாக இருந்தது, எங்கே சீகை (வாட்டில்) மரங்கள் குறிஞ்சியின் இடத்தைப் பிடித்திருந்தன என்றெல்லாம் படங்களுடன் குறித்து அந்தக் குழுமத்தில் ஏற்றினேன். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது எல்லோருக்கும் தெரியும். பூத்து விதை உதிர்த்ததும் அந்தச் செடி பட்டுப்போகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1994, 2006, 2018 என்று வந்த வரிசையில் அடுத்தது 2030. ஆகவே 2018இல் எடுத்த குறிப்பை இடையில் எந்த ஆண்டிலும் மறுபடி எடுக்க முடியாது. படங்களுக்கு வரம்பில்லாத இடம் தருவதாகச் சொன்னதால் 2019இல் ஆயுள் சந்தாவாக 3,000 ரூபாய் கட்டினேன். 'ஆயுள்' என்பது யாருடைய ஆயுள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

2024 நவம்பரில், வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த நாள்களில், ஓர் இளைஞர் மூன்று இரவு தங்கினார். வந்ததும் வராததுமாக, "அம்மா, வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டார். எல்லோருக்கும் சொல்வதுபோல் அவருக்கும் சொன்னேன். மழையில் வெளியே போக வழியில்லாமல் பெரும்பாலும் தாழ்வாரத்தில் கைபேசியுடன் உட்கார்ந்திருந்தார். நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. பெண் உறுப்பினர்கள் இருவரை இழிவாகப் பேசியதற்காகவும், சோலைக்காட்டு ஆர்க்கிட் செடிகள் இருக்கும் துல்லியமான இடங்களை வெளியிட்டதற்காகவும் அதே குழுமத்திலிருந்து முன்பே நீக்கப்பட்டவர் அவர் என்பது பின்னால்தான் தெரியவந்தது. எங்கள் வைஃபையிலிருந்து புதுப் பெயரில் கணக்குத் தொடங்கி, விட்ட இடத்திலிருந்து வசவைத் தொடர்ந்திருக்கிறார். அவர் அறையைக் காலி செய்த மறுநாள் காலையில் என் கணக்குத் திறக்கவில்லை. 'நீக்கப்பட்ட உறுப்பினரின் இரட்டைக் கணக்கு' என்ற ஒற்றை வரி மட்டும் திரையில் நின்றது.

அவர்கள் எப்படி இந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதே வலையில் யாரும் சிக்கலாம். ஒரு வீட்டில் எத்தனை கைபேசிகள், கணினிகள் இருந்தாலும், அவை ஒரே ரூட்டர் வழியாக இணையத்துக்குப் போகும்போது வெளியே பொதுவாகத் தெரிவது ஒரே ஐபி முகவரிதான், அதாவது அந்த இணைப்பை இணையத்தில் அடையாளம் காட்டும் எண். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு வீட்டின் வாசல் மட்டும் தெரிவதைப் போன்றது அது. உள்ளே இருப்பது நானா, விருந்தினரா, பால்காரரா என்பது தெரியாது. பழைய வகை ஐபி முகவரிகள் உலகம் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 429 கோடிதான் என்பதால், இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைப்பதும் உண்டு. அப்படியானால் வாசல் ஒரு வீட்டுக்கு உரியதாகக்கூட இல்லை, ஒரு தெருவுக்கே உரியதாகிவிடுகிறது. நிர்வாகிகள் பார்த்தது இவ்வளவுதான்: அதே முகவரி, அதே மூன்று நாள்கள், இரண்டு பேரும் மலைத் தாவரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள், இரண்டு பேரிடமும் ஆண்ட்ராய்டு கைபேசி. இந்த நாட்டில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டுதான் என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று நடந்தது. அந்த இளைஞர் தம் புதுக் கணக்கில் எங்கள் தாழ்வாரத்துப் பூந்தொட்டியையும் பின்னால் நிற்கும் பேரிக்காய் மரத்தையும் படமெடுத்துப் போட்டிருந்தார். நிர்வாகி அதை எனக்கு அனுப்பியபோதுதான் ஆள் யாரென்று எனக்கு விளங்கியது. உடனே, இது எங்கள் வீடுதான், அந்த நாள்களில் தங்கிய விருந்தினர் எடுத்த படம் இது என்று உண்மையை அப்படியே எழுதினேன். "உங்கள் வீடு என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்" என்று பதில் வந்தது. இரண்டு கணக்குகளிலிருந்தும் ஒரே நிமிடத்தில் பதிவுகள் போயிருப்பதைச் சுட்டிக்காட்டினேன். ஒருவரிடம் இரண்டு கைபேசிகள் இருக்கலாமே என்றார்கள். இருக்கலாம்தான், நான் என்ன சொல்வது? 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் வேண்டும், எங்கள் வருகைப் பதிவேட்டில் அடையாள அட்டை எண் எழுதாமல் யாருக்கும் அறை கொடுப்பதில்லை. இத்தனை பதிவு இருந்தும், தாழ்வாரத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்த விரல் யாருடையது என்பதற்கு என்னிடம் சான்று இல்லை.

நிர்வாகிகள் சம்பளம் வாங்காமல் உழைப்பவர்கள், வசவு வாங்கியே சலித்தவர்கள் என்பதை அறிவேன். தொல்லை கொடுப்பவரை அவர்கள் விரட்டத்தான் வேண்டும். ஆனால் ஆறு ஆண்டுகளாக ஒரு கடுஞ்சொல்கூட எழுதாத கணக்கை, மூன்று நாள் கணக்கோடு ஒன்றாக்கும் முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கணக்கோடு எங்கள் முகவரியையும் அவர்கள் தடுத்திருந்தார்கள். மழையில் மின்சாரம் போய் வந்து ரூட்டர் மறுபடி இயங்கியபோது முகவரி மாறிவிட்டது. அந்தத் தடை இப்போது யார் தலையில் இருக்கிறதோ.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள்தானே என்று ஐந்து வாரங்கள் நிர்வாகிகளிடம் தனிப்பட்ட முறையில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இத்தகைய தளங்கள் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகாரை 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, அப்போதிருந்த விதிப்படி 15 நாள்களுக்குள் முடிவும் சொல்ல வேண்டியிருந்தது. அம்முடிவு ஏற்புடையதாக இல்லையென்றால், 2023இல் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாள்களுக்குள் இணையவழியே முறையிடலாம். இந்தக் குழுமத்தில் அப்படியொரு அலுவலரின் பெயரே இல்லை என்பதை முதல் வாரத்திலேயே பார்த்து, பொது முகவரிக்கு முறையான புகாரைத் தேதியிட்டு அனுப்பியிருக்க வேண்டும். நான் அனுப்பியது டிசம்பர் கடைசியில். சந்தாத் தொகைக்காகத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். அது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

விருந்தினருக்கென்று ரூட்டரில் தனி வைஃபை பிரித்துக் கொடுத்தால் போதும் என்று பக்கத்து விடுதிக்காரர் சொன்னார். உங்களுக்கும் யாரேனும் சொல்லக்கூடும். அது உங்கள் கணினிக்குள் பிறர் நுழையாமல் தடுக்கும், நல்லதுதான். ஆனால் வெளியே போகும் வாசல் அப்போதும் அதேதான் என்பதால், இந்தச் சிக்கலுக்கு அது மருந்தாகாது. நான் இப்போது விருந்தினருக்கு வேறொரு நிறுவனத்தின் இணைப்பைத் தனியாக வாங்கிவிட்டேன். மாதச் செலவு கூடியிருக்கிறது, வாடகையைக் கூட்டவில்லை.

கடைசியாக வந்த மின்னஞ்சலில், அந்த விருந்தினரின் அடையாள அட்டைப் படத்தை அனுப்பினால் என் கணக்கை மறுபடி பரிசீலிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அறை எடுக்க நம்பிக் கொடுத்த ஆவணத்தை, கொடுத்தவர் எத்தகையவராக இருந்தாலும், மூன்றாம் ஆளுக்குத் தர மாட்டேன் என்று பதில் எழுதிவிட்டேன். காவல்துறை கேட்டால் கொடுப்பேன், குழுமம் கேட்டால் கொடுப்பதற்கில்லை. அதன்பின் அவர்களிடமிருந்து கடிதம் இல்லை.

என் பழைய கைபேசி பழுதாகிவிட்டது. அண்ணன் மகளின் மடிக்கணினியில் ஏறக்குறைய 140 படங்கள் கிடைத்தன, அவற்றில் பாதிக்குத் தேதி இல்லை. 2018 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை கொடைக்கானல் மேல்மலையில் எடுத்த குறிஞ்சிப் படங்களை அந்தக் குழுமத்திலிருந்து யாரேனும் இறக்கி வைத்திருந்தால், தயவுசெய்து எனக்கு அனுப்புங்கள். குறிப்பு இல்லாமல் வெறும் படமாக இருந்தாலும் பரவாயில்லை, எந்தச் சரிவு என்று நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.