மொறிஸ் மைனருக்குப் பூட்டிய 266 கம்

அப்பாவின் மொறிஸ் மைனர், 1098 சிசி எஞ்சின். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்று அடித்தால் மூன்றாம் கியருக்கு இறக்காமல் ஓடாது. எப்படியும் எஞ்சினை இறக்கவேண்டி வந்ததால், லண்டனிலிருந்து வந்த சித்தப்பாவிடம் சொல்லிக் கென்ட் கம்ஸ் கம்பனியின் 266 கம்சாப்டையும் (வால்வைத் திறக்கவைக்கும் தண்டு, சுருக்கமாகக் கம்), அதன்மேல் உராய்ந்து ஏறி இறங்கும் தப்பட் எட்டுப் புதிதாகவும் எடுப்பித்தேன்.

முதலில் என் ஆசை 286இல்தான் இருந்தது. வால்வ் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதைக் கிராங்க் சுற்றும் பாகையில் சொல்லும் எண் அது. கூடக்கூட வேகச் சுற்றில் இழுவை வரும், குறைந்த சுற்றில் எஞ்சின் சோரும். கராச் அண்ணை மறித்துவிட்டார். "தம்பி, இதில பிஸ்டன் ஏறி இறங்கிற ஸ்ரோக் 83.7 மில்லிமீற்றர், நீளம்; ஆறாயிரம் சுற்றுக்கு மேல முறுக்கிற எஞ்சின் இல்லை. சந்தைக்குப் போற காருக்கு உது என்னத்துக்கு?" அவர் சொன்னது சரி. 266 ரொப் கியரிலேயே பாலத்தைக் கடக்கிறது, ஐடிலில் மட்டும் கொஞ்சம் நடுங்கும்.

தப்பட்டில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய தப்பட் பழைய கம்மோடு தேய்ந்து பழகியது, புதுக் கம்மின் மூக்கை, அதாவது வால்வைத் தூக்கும் மேட்டைச், சில மணித்தியாலத்திலேயே தின்றுவிடும். பூட்டும்போது கம் பசையைத் தாராளமாகப் பூசி, சிங்க் கூடிய ஒயில் விட்டு, ஸ்ரார்ட் பண்ணியதும் ஐடிலில் விடாமல் இரண்டாயிரம் சுற்றுக்கு மேலேயே இருபது நிமிடம் ஓடவிட்டோம். அயலட்டை முழுக்க வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

ஏமாந்தது வால்வை மூடும் ஸ்பிரிங்கில். இங்கே ஒரு கடையில் "ரேஸிங் ஸ்பிரிங்" என்று தந்தார்கள், நானும் கடினமானதென்றால் நல்லதுதானே என்று வாங்கிவிட்டேன். வைஸில் வைத்து அமுக்கி அளந்தால், வால்வ் முழுதாகத் திறக்க முன்னமே சுருளோடு சுருள் முட்டுகிறது! முழுத் திறப்பிலும் ஒன்றரை மில்லிமீற்றராவது மிஞ்சவேண்டும், இல்லையென்றால் தப்பட்டுக்கு மேலே நின்று தள்ளும் கம்பியான புஷ்ரொட் வளையும். முட்டாவிட்டாலும், தேவைக்கு மேல் கடினமான ஸ்பிரிங் கம்மைத்தான் தேய்க்கும். திருப்பிக் கொடுக்கப் போனேன், பெட்டி பிரித்தாயிற்று என்று மறுத்துவிட்டார்கள். பிறகு அந்தக் கம்முக்கென்றே விற்கும் ஸ்பிரிங்கை வரவழைத்தேன், ஒன்றரை மாதம் கார் கட்டைமேல் நின்றது.

ரொக்கர் என்பது புஷ்ரொட் தள்ள வால்வை அமுக்கும் நெம்புகோல்; 1.5 விகித ரோலர் ரொக்கர் வாங்கவில்லை. ஏறத்தாழ 1.25 விகிதத்திலிருந்து அதற்குப் போனால் வால்வ் ஐந்தில் ஒரு பங்கு கூடத் திறக்கும், பிறகு ஸ்பிரிங் கணக்கு, பிஸ்டன் இடைவெளி எல்லாம் திரும்ப அளக்கவேண்டும். பழைய ரொக்கருக்கே புது புஷ் (உள்வளையம்) அடித்து, ரொக்கர் சாப்டையும் மாற்றி, ரொக்கருக்கும் வால்வுக்கும் இடைவெளியை 0.3 மில்லிமீற்றருக்கு வைத்தோம். டக்கு டக்கு சத்தம் நின்றுவிட்டது.