20 டிகிரியை விட 40 டிகிரி இரு மடங்கு சூடா? ஃபாரன்ஹீட், செல்சியஸ், கெல்வின் ஓர் அலசல்

கோடையில் "வெயில் சதமடித்தது" என்று நம் செய்தித்தாள்கள் எழுதுவது ஃபாரன்ஹீட் கணக்கில். செல்சியஸில் அது 37.8 தான், சதத்தின் பக்கத்தில்கூட இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மறுபடி ஃபாரன்ஹீட்: "நூத்தி ரெண்டு இருக்கு டாக்டர்". இயற்பியல் புத்தகத்தைத் திறந்தால் கெல்வின். மூன்றில் எது மூலக்கூறுகளின் ஓட்டத்தை உள்ளபடி சொல்கிறது?

ஃபாரன்ஹீட் 1724-இல் தன் அளவுகோலை வெளியிட்டபோது, பனிக்கட்டி, நீர், நவச்சாரம் என்ற உப்பு மூன்றும் கலந்த கலவையின் குளிரைப் பூஜ்யமாக வைத்தார். உடல் சூட்டுக்கு 96 கொடுத்தார்; பின்னால் அளவுகோலைத் திருத்தியதில்தான் அது 98.6 ஆனது. ஸ்வீடனின் உப்சாலாவில் இருந்த செல்சியஸ் 1742-இல் நீரைப் பிடித்துக்கொண்டார். அவர் போட்ட கணக்கில் நீர் கொதிப்பது 0, உறைவது 100! அவர் காலத்துக்குப் பின்தான் அது இன்றைய வடிவுக்குத் திரும்பியது. திருப்பிப் போட்டாலும் வேலை செய்கிறது என்றால், அந்தப் பூஜ்யம் மனிதர் வசதிக்கு வைத்தது என்றுதானே பொருள்? 0 டிகிரி செல்சியஸில் காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறுகள் நொடிக்குச் சுமார் 490 மீட்டர் வேகத்தில் பறக்கின்றன. அங்கே எதுவும் நின்றுவிடவில்லை.

வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளைய கெல்வின் பிரபு, 1848-இல் முன்வைத்த அளவுகோல் எந்தப் பொருளையும் நம்பி இல்லை. அதன் இன்றைய வடிவில் பூஜ்யம் மைனஸ் 273.15 செல்சியஸ். அதற்குக் கீழே போக வழியில்லை; பொருளிலிருந்து எடுக்க அதற்குமேல் ஆற்றல் இல்லை. வாயு மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றல் கெல்வின் எண்ணுக்கு நேர்விகிதத்தில் ஏறும். கெல்வின் இரு மடங்கானால் ஆற்றலும் இரு மடங்கு. மற்ற இரண்டிலும் இப்படிச் சொல்ல முடியாது.

இப்போது தலைப்புக் கேள்வி. 20 டிகிரி செல்சியஸ் என்பது 293 கெல்வின். 40 என்பது 313. ஆற்றல் ஏறியது 7 சதவீதம்கூட இல்லை. நைட்ரஜனின் வேகம் நொடிக்கு 511 மீட்டரிலிருந்து 528 ஆகிறது, அவ்வளவுதான்.

வண்டி டயரிலேயே இதைப் பார்க்கலாம்; உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தமும் கெல்வின் எண்ணுக்கு நேர்விகிதத்தில்தான் ஏறும். காலையில் 27 டிகிரியில் 29 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறோம். தார்ச்சாலையில் ஓடி உள்ளே 57 டிகிரி ஆகிறது என்று வையுங்கள். செல்சியஸை நம்பினால் அழுத்தம் இரு மடங்கைத் தாண்டி டயர் வெடிக்க வேண்டும். கெல்வினில் 300 என்பது 330, பத்து சதவீத ஏற்றம். மீட்டர் 33-ஐ ஒட்டிக் காட்டும். ஏன் 32 இல்லை? அந்த மீட்டரின் பூஜ்யமும் வசதிக்கு வைத்ததுதான்; வெளிக்காற்றின் 14.7-ஐக் கழித்துவிட்டே காட்டுகிறது. கூட்டிக்கொண்டு கணக்குப் போட்டால் சரியாக வரும்.

ரேங்கின் என்று நான்காவது ஒன்றும் உண்டு: படி ஃபாரன்ஹீட்டுடையது, பூஜ்யம் கெல்வினுடையது. அதிலும் விகிதம் சரியாகவே வரும். படியின் அளவு முக்கியமில்லை, பூஜ்யம் எங்கே என்பதே முக்கியம்.

அதற்காகக் காய்ச்சலைக் கெல்வினில் பார்க்கச் சொல்லவில்லை. அதற்கு ஃபாரன்ஹீட் நன்றாகவே உதவும். ஒரு செல்சியஸ் படிக்குள் 1.8 ஃபாரன்ஹீட் படி அடங்குவதால், 99-க்கும் 101-க்கும் உள்ள வித்தியாசம் சட்டென்று புரியும். அன்றாடச் சமையலுக்கும் வானிலைக்கும் செல்சியஸ் போதும். "இத்தனை மடங்கு" என்று வாய் திறந்தால் மட்டும் கெல்வினுக்கு மாறிவிட வேண்டும்.

ஆனால் ஒன்று. இந்த நான்கில் எதுவும் வெப்பத்தை, அதாவது ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் ஆற்றலை, அளப்பதில்லை. கொதிநீரும் இட்லிப் பானை ஆவியும் ஒரே 100 டிகிரி. இரண்டிலும் மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றல் ஒன்றே. ஆனால் நீரின் பிடியிலிருந்து மூலக்கூறுகளைப் பிய்த்து ஆவியாக்க அடுப்பு கிராமுக்குச் சுமார் 2,260 ஜூல் செலவழித்திருக்கிறது. ஆவி தோலில் பட்டுத் திரும்ப நீராகும்போது அது மொத்தமும் கையில் இறங்கும். ஒரு கிராம் கொதிநீர் உடல் சூட்டுக்கு ஆறும்போது தருவதோ 260 ஜூல்தான். வெப்பமானியில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அதனால்தான் இட்லிப் பானை மூடியை எப்போதும் எதிர்ப்பக்கம் முதலில் தூக்கி, ஆவியை அந்தப் பக்கமாகப் போகவிட்டு, அப்புறம் தட்டை எடுக்கிறோம்.