பிரம்பு ஷீட்: மலை வீட்டு நாற்காலிக்குச் சரிப்படுமா?

குன்னூர், கோத்தகிரி பங்களாக்களிலிருந்து கைமாறி வரும் பழைய நாற்காலிகளில் சட்டம் கல்லுமாதிரி இருக்கும். உட்காரும் பின்னல்தான் கிழிந்து தொங்கும். அதை மாற்ற, ரோலிலிருந்து வெட்டித் தரும் ரெடிமேட் பிரம்பு ஷீட் நல்ல சரக்குதான். ஆனால் எல்லா நாற்காலிக்கும் ஆகாது.

வாங்குமுன் சட்டத்தைப் பாருங்கள். சுற்றிலும் வரிசையாக ஓட்டை இருந்தால் அது இழை இழையாகக் கையால் பின்ன வேண்டியது. ஷீட் வாங்கினால் காசு வீண். ஆணி அடித்து ஒப்பேற்றுகிறேன் என்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள், ஆணி இறங்கிய இடத்தில் இழை பிளந்து அங்கிருந்தே கிழியும். ஓட்டைக்குப் பதில் மேல்பக்கம் காடி, அதாவது சுற்றிலும் ஒரு நீளப் பள்ளம், ஓடினால்தான் ஷீட்.

காடிக்கு வெளியே நாலு பக்கமும் ஒன்றரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். காடிக்குள் பின்னலை இறுக்கிப் பிடித்திருக்கும் பழைய குச்சியை உளியால் கெல்லி, காடியில் ஒட்டியிருக்கும் பசையைச் சுத்தமாகச் சுரண்ட வேண்டும். ஷீட் வெதுவெதுப்பான நீரில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊறினால் போதும். ராத்திரி முழுக்கப் போட்டால் நிறம் கருக்கும். ஈரத்தோடு மர ஆப்பால் காடிக்குள் தட்டி இறக்கி, உபரியை நறுக்கி, ஃபெவிகால் விட்டு, புதுக் குச்சியை அடித்து இறக்குங்கள். தம் பிடித்து இழுக்காதீர்கள். நனைந்து உப்பிய பிரம்பு காயும்போது தானே சுருங்கி முரசுத்தோல் மாதிரி இறுகும். முன்கூட்டியே இழுத்து வைத்தால் அந்த இறுக்கத்தில் விளிம்பில் பட்டென்று விடும். முன்பக்கச் சட்டத்தின் முனை கூராக இருந்தாலும் இதே கதிதான், உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள்.

மலையில் பிரச்சினையே காய்வதில்தான். ஆடிச் சாரலில் நாள்கணக்கில் ஈரம் போகாது, பூசணம் பூக்கும். அதற்காகக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்தால் இழை வறண்டு முறியும். நிழலில் ஃபேன் காற்று போதும். அவசரமில்லையென்றால் மாசி, பங்குனிக்குத் தள்ளிப்போடுங்கள்.

வார்னிஷ் மேல்பக்கம் மட்டும். பின்னாளில் தொய்ந்தால் அடியில் ஈரத்துணி ஒற்றிக் காயவிட்டாலே மறுபடி இறுகும். அடியிலும் பூசிவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது.

பிளாஸ்டிக் ஷீட்டில் பூசணம் தொல்லை இல்லை. ஆனால் அது சுருங்காது, மாட்டும்போதே விறைப்பாக மாட்ட வேண்டும். பழைய தேக்குச் சட்டத்தில் பார்க்கச் சகிக்காது. சாரல் அடிக்கும் வராந்தா நாற்காலிக்கு மட்டும் அதை வாங்கலாம்.