எல்லா வாசலிலும் நிற்பவரா, எங்கும் நிற்காதவரா?

தேர்தல் வந்தால் குன்னூரில் இரண்டு விதமான வேட்பாளர்களைப் பார்க்கிறேன். ஒருவர் காலையில் மாரியம்மன் கோவிலில் பரிவட்டம் கட்டிக்கொள்வார். மதியம் பள்ளிவாசலில் குல்லா. ஞாயிறு என்றால் தேவாலயம். இடையில், ஜீப் கண்ணாடியில் பார்த்துத் திருநீற்றைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்ததை அருகில் நின்று பார்த்தேன். மனம் கசந்துவிட்டது. எதிர்க்கட்சி ஒரு மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் மதவாதம் என்கிறார். தான் மூன்று மதத்தாரிடமும் தனித்தனியே கேட்பதை நல்லிணக்கம் என்கிறார். இது எந்த ஊர் நியாயம்?

மற்றவர் எந்த வழிபாட்டுத் தலத்திலும் ஓட்டுக் கேட்பதில்லை. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை, மழைக்குச் சரியும் சாலை, யானை வழித்தடம் என்றே பேசுகிறார். கூட்டம் குறைவுதான்.

சட்டமும் இவர் பக்கமே. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பதைத் தடுக்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

முதலாமவர் சாமி கும்பிடுவதில் தவறே இல்லை. தேர்தல் இல்லாத வருடத்திலும் கும்பிட வரட்டும். என் ஓட்டு இரண்டாமவருக்குத்தான், அவர் சாதிச் சங்கத்து வாசலில் போய் நிற்காதவரை.