மறைந்திருக்கும் கிராஃபிக்ஸைத் திறக்க 3,500 ரூபாயாம்!

மொரிஷியஸ் நண்பர்களே, கம்ப்யூட்டரை ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை, இன்பாக்ஸில் வந்தும் கேட்க வேண்டாம்.

தைப்பூசக் காவடிக்கு கோர் தே கார்த் மலைக் கோவிலில் எடுக்கும் வீடியோக்களைக் கோத்து உறவுக்காரர்களுக்கு அனுப்புவது வருஷா வருஷம் என் தலையில்தான் விழும். இந்த முறை விண்டோஸ் 10-ஐ அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டதிலிருந்து எந்த வீடியோவும் திக்கித் திக்கித்தான் ஓடியது. மேளச் சத்தம் முன்னால் போய்விடும், காவடி எடுத்தவர் ஒரு காலைத் தூக்கியபடி நிற்பார்.

சிபியு பெட்டியைப் பழைய துண்டில் சுற்றி, காத்ர் போர்னில் மெட்ரோ ஏறி, மடியிலேயே வைத்துக்கொண்டு ரோஸ் ஹில் போனேன். கடைக்காரர் ஐந்து நிமிஷம் தட்டிப் பார்த்தார். "கிராஃபிக்ஸ் வேகத்தை விண்டோஸ் ஒளித்து வைத்திருக்கிறது. மோ பு தெப்லோக் லி" என்றார் கிரியோலில். திறந்துவிடுகிறேன் என்கிறார். 3,500 ரூபாய். என்ன செய்யப்போகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து க்ரோமைத் திறந்தால் பக்கம் முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். மவுஸை நகர்த்தினால் ஒன்று மறையும், வேறு இடத்தில் இரண்டு முளைக்கும். வீடியோ அதே திக்கல். போன் பண்ணினால், "கிராஃபிக்ஸ் கார்டு பழசு, புதுசு வாங்குங்கள்" என்றார். இதைப் பெட்டியைத் திறந்த அன்றைக்கே சொல்லியிருக்கலாமே!

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி பையன் வந்தான். "மாமா, இதுக்கா காசு கொடுத்தீங்க?" என்று சிரித்துவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினான். விண்டோஸ் தன் உள் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'எச்டபிள்யூஎஸ்சிஎச்மோட்' (HwSchMode) என்ற வரியில் 2, அதாவது ஆன், என்று கடையில் போட்டு வைத்திருக்கிறார்கள். திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டே தன் வேலைகளை வரிசைப்படுத்திக்கொள்ளும் வசதி அது. 2020 மே மாத விண்டோஸ் அப்டேட்டில் வந்தது. என்விடியா கம்பெனி கார்டுகளில் ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பிறகு வந்தவையும்தான் அதற்கு ஆகும். என்னுடையது ஜிடி 710. ஒத்துவராத கார்டு என்றால் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ் பக்கத்தில் அந்த ஸ்விட்ச்சே தெரியாது. யாரும் எதையும் ஒளித்து வைக்கவில்லை; என் கார்டுக்கு அது கிடையவே கிடையாது.

அடுத்தது க்ரோமில் சோதனை வசதிகளை மாற்றும் ஃப்ளாக்ஸ் பக்கம். 'ஓவர்ரைடு சாஃப்ட்வேர் ரெண்டரிங் லிஸ்ட்' என்பதை எனேபிள் செய்திருந்தார்கள். எந்தக் கார்டு, எந்த டிரைவரோடு (கார்டை இயக்கும் மென்பொருள்) தகராறு வரும் என்று க்ரோமிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் அகப்பட்டால் ஆக்ஸிலரேஷனை, அதாவது வேலையைக் கார்டிடம் கொடுப்பதை, தானே நிறுத்திவிடும். அந்தப் பட்டியலைக் கண்டுகொள்ளாதே என்பதுதான் இந்த ஃப்ளாக். பையன் அதே பக்கத்தில் 'ரீசெட் ஆல்' அமுக்கி க்ரோமை மூடித் திறந்தான். கறுப்புக் கட்டங்கள் போயே போச்சு.

சரி, திக்கலுக்கு என்ன காரணம்? டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரித்தான். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தது. அதாவது கார்டுக்கு டிரைவரே ஏறவில்லை, எல்லா வேலையையும் பிராசஸரே இழுத்துக்கொண்டிருந்தது. இன்டர்நெட் இல்லாமல் விண்டோஸைப் போட்டுவிட்டு அப்டேட்டையும் நிறுத்தி, டிரைவர் தானாக இறங்க வழியில்லாமல் செய்தவன் நான்தான், அந்தத் தப்பு என்னுடையது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு ரெஜிஸ்ட்ரி வரைக்கும் தோண்டியவர் கண்ணில் இந்த ஒரு வரி படவில்லையா? என்விடியா தளத்தில் இந்தக் கார்டுக்கான 470 வரிசை டிரைவரை இறக்கினோம். இலவசம். ரீஸ்டார்ட் பண்ணினதும் காவடி ஆடியது.

உங்கள் கம்ப்யூட்டரும் இப்படித் திக்கினால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பாருங்கள். அங்கே ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) என்று ஒரு கட்டமே இல்லையென்றால் முதலில் டிரைவரைச் சந்தேகப்படுங்கள். டிரைவர் ஏறியிருக்கிறது, பிரவுசர் மட்டும் திக்குகிறது என்றால் க்ரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற இடத்தில் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் ஆனில் இருக்கிறதா பாருங்கள். அதற்கு மேல் ஃப்ளாக்ஸ், ரெஜிஸ்ட்ரி என்று யாராவது கை வைத்தால், எதை மாற்றினார் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். என் பில்லில் 'கிராஃபிக்ஸ்' என்ற ஒற்றை வார்த்தைதான் இருந்தது, பக்கத்தில் 3,500.

அந்த பில்லை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன், பெட்டி இல்லாமல். பணத்தைத் திருப்பித் தர முடியாதாம், செய்த வேலை செய்ததுதானாம். திறந்ததை மறுபடி மூடித் தர வேண்டுமானால் 800 ரூபாய் ஆகுமாம்.