வெள்ளவத்தையில் வாங்கிய நெபுலைசர்: ஆறு மாதங்களுக்குப் பின்

அம்மாவுக்கு ஆஸ்துமாவோடு கண்ணமுக்க நோயும் (குளுக்கோமா) உண்டு. இழுப்புக் கூடும் நாட்களில் வீட்டிலேயே மருந்து பிடிக்கலாம் என்று வைத்தியர் எழுதிக்கொடுத்தபின், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பார்மசியில், திரவ மருந்தை அழுத்திய காற்றால் நுண்துளிப் புகையாக்கும் கம்பிரசர் வகை நெபுலைசர் வாங்கினேன். ஆறு மாதங்களில் அது ஒரு நாளும் பழுதாகவில்லை. சத்தம் மட்டும் பக்கத்து அறைவரை கேட்கும். குறை முழுவதும் பெட்டிக்குள் வந்த முகமூடியில்தான் இருந்தது.

மூக்கின் இரு புறமும் அது படியாததால், மருந்துப் புகை மேலே கிளம்பி அம்மாவின் மூக்குக்கண்ணாடியை மூடியது. அறையெல்லாம் புகை பரவுவதைக் கண்டு இயந்திரம் நன்றாக வேலை செய்கிறது என்றே நம்பியிருந்தேன். உண்மையில் அது நெஞ்சுக்குள் போகாமல் வீணான மருந்து. ஓர் இரவு அம்மாவின் வலது கண்மணி மட்டும் அகலமாக விரிந்திருந்ததைப் பார்த்துப் பதறிப்போனேன். மூச்சுக்குழாயை விரிக்க நெபுலைசரில் ஊற்றும் இப்ராட்ரோப்பியம் என்ற மருந்து கண்ணில் பட்டால் கண்மணி விரியும் என்றும், கண்ணமுக்கம் உள்ளவர்களுக்குக் கண்ணழுத்தம் ஆபத்தாக ஏறக்கூடும் என்றும் விளக்கிய வைத்தியர், வாயில் கவ்வும் மவுத்பீஸுக்கு மாறச் சொன்னார். பெட்டியில் அது இருக்கவில்லை. மூச்சை உள்ளிழுக்கும்போது கூடுதலாக மருந்து தரும் வால்வு பொருத்திய மருந்துக் கிண்ணத்தோடு அதைத் தனியாக வாங்கினேன். இந்தச் செலவுதான் முழு இயந்திரத்துக்கும் பயன் தந்தது.

மூச்சுக்குழாயின் ஆழத்தை எட்டுபவை 1 முதல் 5 மைக்ரோன் அளவுத் துளிகளே. அம்மா நிமிர்ந்து அமர்ந்து, மவுத்பீஸைச் சுற்றி உதடுகளை இறுக மூடி, அவசரமின்றி மூச்சு விடுகிறார். கிண்ணம் விட்டுவிட்டுச் சீறத் தொடங்கியதும் விரலால் மெல்லத் தட்டுகிறேன். சுவரில் ஒட்டிய துளிகள் அடிக்கு இறங்கி மீண்டும் புகையாகின்றன. எப்படியும் சிறிதளவு அடியில் தங்கிவிடும் என்பதால், வைத்தியர் குறித்த அளவு சேலைனை (கிருமிநீக்கிய உப்புநீர்) மருந்தோடு சேர்ப்பதில் சோம்பக் கூடாது. குழாய்த் தண்ணீரை ஒருபோதும் கலக்க வேண்டாம்.

சிறு பிள்ளைகளுக்கு முகமூடிதான் வேண்டும். ஆனால் பிள்ளை அழுகிறது என்று அதை முகத்திலிருந்து விலக்கிப் பிடித்தால் மருந்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். அழும்போதும் நுரையீரலுக்குப் போவது மிகக் குறைவு. மடியில் வைத்து, அமைதிப்படுத்தி, முகத்தோடு பொருத்திப் பிடிப்பதே நல்லது.

காலி வீதிப் புழுதியில் காற்று வடிகட்டி விரைவில் சாம்பல் நிறமாகிறது. அதை மாற்றுவது எளிது. கொழும்பின் ஈரக்காற்றில், கிண்ணத்துக்குக் காற்றுப் போகும் குழாய்க்குள் நீர் கோத்துவிடுவதால், மருந்து முடிந்தபின் குழாயை மட்டும் மாட்டிக் கம்பிரசரைச் சற்று ஓடவிடுகிறேன்.

இயந்திரத்தைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் காசு கொடுக்குமுன் பெட்டியைத் திறக்கச் சொல்லி, மவுத்பீஸ் இருக்கிறதா, முகமூடி அளவானதா என்று பாருங்கள்.