ஹோ மழைக்காடும் ரியால்டோ கடற்கரையும்: தனியாக ஒரு நாள் கார்ப் பயணத்துக்கு எப்படி?

வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும், அதுவும் கோடையில், தனியாகத்தான் போகிறீர்கள் என்றால் நான் சொல்வது இதுதான்: காலையில் கடல், மாலையில் காடு. காட்டை முதலில் முடித்துவிட்டு சூரிய அஸ்தமனத்துக்குக் கடற்கரைக்குப் போகலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதைத் திருப்பிப் போட்டதில்தான் என் நாள் நன்றாக அமைந்தது.

இங்கே கடல் ஒரு நாளில் இரண்டு முறை உள்வாங்குகிறது. ஆனால் இரண்டும் ஒரே அளவு கிடையாது. ஒன்றில் தண்ணீர் மற்றதைவிட நன்றாகவே இறங்கும். கோடை மாதங்களில் அந்தப் பெரிய இறக்கம் பெரும்பாலும் காலையில் வருகிறது. லா புஷ் என்ற ஊரின் பெயரில் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல், இணையத்தில் கிடைக்கும். முதல் நாள் இரவே அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்க்ஸ் ஊரைத் தாண்டினால் பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது. வரைபடத்தையும் முன்பே இறக்கி வைத்துவிடுவது நல்லது.

ஃபோர்க்ஸிலிருந்து ரியால்டோ சுமார் 14 மைல். வண்டியை நிறுத்திவிட்டு வடக்கே ஒன்றரை மைல் நடந்தால், அலை குடைந்து குடைந்து ஓட்டை போட்ட ஒரு பாறை முனை வரும். ஹோல் இன் த வால் என்று பெயர். ஒன்றரை மைல்தானே என்று எண்ண வேண்டாம். தரை முழுக்கக் கூழாங்கல், ஒவ்வொரு அடியும் உள்ளே போகும். அலை திரும்பும்போது அந்தக் கற்கள் உருளும் சத்தம், முறத்தில் புளியங்கொட்டையைப் போட்டு உலுக்குவது போல இருக்கும். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டே நடப்பது அலுக்கவில்லை.

பாறை ஓரத்துக் குட்டைகளில்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்தேன். பூப்போலத் தெரியும் உயிரினங்களான கடல் சாமந்திகள் பச்சை நிறத்தில் விரிந்து கிடந்தன. ஊதாவிலும் ஆரஞ்சிலும் நட்சத்திர மீன்கள் பாறையை இறுகப் பற்றிக்கொண்டிருந்தன. தண்ணீரைக் கலைக்காமல் குனிந்து பார்த்தால் கொஞ்ச நேரத்தில் சின்னச் சின்ன நண்டுகளும் வெளியே வரும். தனியாகப் போவதன் அருமை எனக்கு இங்கேதான் தெரிந்தது. கிளம்பலாமா என்று கேட்க யாரும் இல்லை. ஆனால் தண்ணீர் ஏறுகிறது, வா என்று கூப்பிடவும் யாரும் இல்லை. அதனால் போனில் அலாரம் வைத்துக்கொண்டேன். கடல் மீண்டும் ஏறினால் பாறை முனையின் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ள நேரும்.

இன்னொரு எச்சரிக்கை, இது முக்கியம். ஆறுகள் காட்டிலிருந்து அடித்துக்கொண்டு வந்த முழு மரங்கள் கரை நெடுகக் குவிந்து கிடக்கின்றன. வெளுத்துப் போய், உட்கார அழைப்பது போலவே இருக்கும். அலை தொடும் இடத்தில் கிடப்பவற்றின் மேல் ஏறவே ஏறாதீர்கள். ஒரு பெரிய அலை வந்தால் அத்தனை கனமான மரமும் மிதந்து புரளும். பக்கத்தில் ஆற்று முகத்தில் தெரியும் ஜேம்ஸ் தீவு, குவிலியூட் என்ற பூர்வகுடி மக்கள் தங்கள் தலைவர்களை அடக்கம் செய்த இடம். படம் எடுக்கும்போது அது நினைவில் இருக்கட்டும்.

அங்கிருந்து திரும்பி ஃபோர்க்ஸில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, 101 நெடுஞ்சாலையில் தெற்கே ரூபி பீச். அழகான இடம்தான், கார் நிற்கும் இடத்திலிருந்து சீக்கிரம் இறங்கிவிடலாம், கடலுக்குள் நிற்கும் பாறைத் தூண்கள் படத்துக்கு நன்றாக வரும். ஆனால் கூட்டம் அதிகம். நேரம் குறைவு என்றால் இதை விட்டுவிடலாம், ரியால்டோவை விடக் கூடாது.

101-ல் போகும்போது இரு பக்கமும் மொட்டையாக வெட்டப்பட்ட காடுகள் மாறி மாறி வரும். மரம் ஏற்றிய லாரிகள் எதிரே வரும். அதைப் பார்த்துவிட்டு ஹோ சாலையில் திரும்பி உள்ளே போகும்போது மனம் கனத்துவிட்டது. 1909-ல் இந்த மலைப்பகுதியின் ஒரு பங்கைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள், இங்கே வாழும் எல்க் மான்களைக் காப்பாற்றுவதற்காக. 1938-ல் அது தேசியப் பூங்கா ஆனது. அந்த முடிவுகளை எடுத்தவர்களுக்கு நான் உண்மையிலேயே நன்றி சொல்கிறேன்.

கோடையில் நடுப்பகலில் ஹோ வாசலில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். பார்க்கிங் நிரம்பிவிட்டால் ஒரு கார் வெளியே வந்தால்தான் ஒன்று உள்ளே போக முடியும். மாலையில் வரச் சொல்வது அதனால்தான். ஜூன் கடைசியில் இங்கே இருட்டுவதற்கு ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும், அவசரமே இல்லை. கட்டணம் காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். தனியாகப் போனாலும் காருக்கு அதே தொகைதான்.

எல்லோரும் போவது ஹால் ஆஃப் மாசஸ் பாதைக்கு. முக்கால் மைலுக்குக் கொஞ்சம் கூடுதல். அங்கே மேப்பிள் மரங்களின் கிளைகளில் பாசி திரை திரையாகத் தொங்குகிறது. பாசி மரத்தை உறிஞ்சிக் கெடுக்கிறதோ என்று தோன்றும், அப்படி இல்லை. கிளையின் மேல் சேரும் பாசிக்குள் மேப்பிள் மரமே வேர் விட்டு சத்தை எடுத்துக்கொள்கிறது. தரையில் ஒரு வேர், அந்தரத்தில் ஒரு வேர். மரங்களில் கயிறு கட்டி ஏறி இதைக் கண்டறிந்து 1981-ல் வெளியிட்டவர் நளினி நட்கர்ணி என்ற ஆய்வாளர். இது தெரிந்த பிறகு அண்ணாந்து பார்த்தால் அந்தப் பாதையே வேறு மாதிரி இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது பக்கத்திலேயே இருக்கும் ஸ்ப்ரூஸ் பாதை. ஒன்றேகால் மைல் இருக்கும், ஆள் நடமாட்டம் பாதிகூட இல்லை. விழுந்து கிடக்கும் ஒரு பெரிய மரத்தின் முதுகில் விரல் நீள ஹெம்லாக் கன்றுகள் வரிசையாக முளைத்திருந்தன. கொஞ்சம் தள்ளி, அப்படி முளைத்தவையே பெரிய மரங்களாகி நேர்கோட்டில் நின்றன. தாங்கிய மரம் மக்கிப் போய்விட்டதால் வேர்களுக்கு அடியில் குனிந்து பார்த்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது. பாதை ஹோ ஆற்றங்கரை வரை போகிறது. ஒலிம்பஸ் மலையின் பனியாறுகள் அரைத்த பாறைப் பொடியால் தண்ணீர் பால் கலந்த நீலம்.

வருடத்துக்கு 140 அங்குல மழை பெய்யும் இடம். பெரும்பகுதி குளிர்காலத்தில்தான் என்றாலும் கோடையிலும் மழைக் கோட்டு இல்லாமல் போகாதீர்கள். ஹோ பார்வையாளர் மையத்தில் சாப்பாட்டுக் கடை கிடையாது, கையோடு கொண்டுபோக வேண்டும். தனியாகப் போகும் பெண்களுக்கு: இரண்டு பாதைகளும் பயமில்லாதவை. ஆனாலும் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். நான் அக்காவுக்கு ஃபோர்க்ஸிலிருந்தே செய்தி அனுப்பிவிட்டேன்.

ரியால்டோவுக்கும் ஸ்ப்ரூஸ் பாதைக்கும் ஐந்துக்கு ஐந்து. ரூபி பீச்சுக்கு மூன்றரை. 2024 டிசம்பரில் வெள்ளம் ஹோ சாலையை அரித்துப் போட்டு அடுத்த மே மாதம்தான் திறந்தார்கள். அதனால் கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் சாலை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.